டோரிஸின் கீழுதடு

டோரிஸ் என்பது என் முதல் மாமியாரின் பெயர். ஒரு படத்தில் செப்டிக் டேங்குக்குள் குடியிருக்கும் பேய்க்கிழவிப் பொம்மைக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். 1986இல் எனக்கு இருபத்து நாலு வயது, கொழுப்பு கொஞ்சம் அதிகம். படம் மட்டமான படம், பேய் அதைவிட மட்டம். அதன் தலைக்குள் கையை விட்டு வாயை ஆட்டியவன் நான். கேமரா ஓடத் தொடங்கியதும் என் கை நடுங்கியது, டோரிஸின் கீழுதடு தந்தியடித்தது. "பேய்க்குக் குளிர் ஜுரமோ?" என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. உதடு நடுங்கிய பேய் என்றால் உடனே சிரிப்பார்கள்.

அந்தப் படத்தை மறுபடியும் எடுக்கப்போவதாக டைரக்டர் டோபி ரென்னிக் போனில் சொன்னபோது, அவன் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிட்டேன். டோபிக்கு வயது முப்பத்து நாலு. கம்ப்யூட்டர் பேயே கிடையாது, எல்லாம் கையால் செய்ததுதான் என்று பேட்டிக்குப் பேட்டி முழங்கிக்கொண்டிருந்தான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசியில் டோரிஸ் டேங்கிலிருந்து முகத்தைத் தூக்கிப் பார்ப்பாள், நாற்பது விநாடி, முகம் மட்டும். அந்த நாற்பது விநாடி என் கையால் நடக்க வேண்டும், ஒருத்தனும் சிரிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு வரி உறுத்தியது: படம் வெளிவருமுன் முன்னோட்டம் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காமல் போவதாவது என்று கையெழுத்துப் போட்டேன்.

சன் வேலியில் என் பட்டறையில் ஐந்து மாதம் உழைத்தேன். சிலிக்கானில் தோல் வார்த்து, புருவ முடியை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நட்டேன். என் கை எப்படி ஆடினாலும் உதடு ஆடாதபடி வாய்க்குள் ஒன்பது குட்டி மோட்டார்கள் வைத்தேன். வாய் வெண்ணெயாகத் திறந்தது. என்னை நானே கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காததுதான் பாக்கி.

படப்பிடிப்பில் மாரிசெல் டும்லாவ் என்று ஒரு பெண் இருந்தாள். கம்ப்யூட்டர்க்காரி. டோரிஸுக்குக் கீழே படுத்துக்கொண்டு கம்பி இழுக்கும் எங்களைப் படத்திலிருந்து அழிப்பது மட்டும்தான் அவள் வேலை. வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய லும்பியா, அதாவது பிலிப்பைன்ஸ் ரோல், பொரித்துக் கொண்டுவருவாள். அதில் பாதியைத் தின்றுவிட்டு, அவளைப் பொத்தான் அமுக்கி என்று கூப்பிடுவேன். பெரிய மனுஷன் என்ற நினைப்பு.

"நான் பொத்தான் அமுக்கலேன்னா உங்க வழுக்கைத் தல ரெண்டாவது பேயா தெரியும், லைல்" என்பாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது.

முன்னோட்டக் காட்சி பர்பேங்கில் ஒரு மாலில் நடந்தது. படத்தில் வேலை செய்தவர்கள் உள்ளே வரக் கூடாது. நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த நாற்பது விநாடி வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் அலறவும் இல்லை. முன்னால் இருந்தவர் கப்பின் அடியில் மிச்சமிருந்த சோடாவைச் சர்ரென்று உறிஞ்சினார்.

படம் முடிந்ததும் இருபது பேரை மட்டும் நிறுத்திவைத்து ஸ்டூடியோவிலிருந்து வந்த பெண் கருத்துக் கேட்டாள். நான் கடைசி வரிசையிலேயே பதுங்கியிருந்தேன். நர்ஸ் உடுப்பிலேயே வந்திருந்த ஒரு அம்மாள் முதலில் பேசினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கடைசியில் அந்தக் கிழவியைக் கம்ப்யூட்டரில் செய்து கெடுத்துவிட்டார்கள், வழவழவென்று வீடியோ கேம் மாதிரி இருந்தது என்றார். மற்ற பத்தொன்பது தலைகளும் ஆமாம் என்று ஆடின.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அது கம்ப்யூட்டர் இல்லை, சிலிக்கான், அந்தத் தலைக்குள் இருந்தது இந்தக் கை என்று கையைத் தூக்கிக் காட்டினேன். ஸ்டூடியோக்காரி யார் இந்த ஆள் என்று பதறுவதற்குள் பார்க்கிங்குக்கு ஓடினேன். டோரிஸின் தலை என் வேனில் முன் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு இரண்டு மாடி படியேறி ஓடிவந்தேன். எனக்கு அறுபது வயது ஆகிறது. மோட்டாருக்குப் பேட்டரி இல்லை. வெறும் கையை உள்ளே விட்டேன். மூச்சு வாங்கிய வாங்கில் என் கை நடுங்க, கீழுதடு துடித்தது, இடது கடைவாய் தொங்கியது. நர்ஸம்மாள் வீலென்று கத்திக்கொண்டு இரண்டு சீட் தள்ளிப் போனார். சோடாக்காரர் எழுந்தே விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "அம்மாடி, இது நல்லா இருக்கே. இத ஏங்க படத்துல போடல?"

"இதுதாங்க படத்துல இருக்கறது."

"இல்லீங்க" என்றார் அவர். ஆஸ்பத்திரியில் நினைவு தப்பியவர்களிடம் பேசும் குரலில்தான் சொன்னார். "நான் பாத்தேன்ல."

அடுத்த வாரம் டோபி போன் செய்தான். செட்டைப் பிரித்தாகிவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை. அந்த நாற்பது விநாடியைக் கம்ப்யூட்டரில்தான் செய்யப்போகிறார்கள். அன்று தியேட்டரில் நான் ஆட்டியபடியே, நடுக்கத்தோடு. வாய்க்கு வந்தபடி திட்டினேன், என் பெயரை எடுத்துவிடு என்று கத்தினேன். பெயர் இருக்கும் லைல், போஸ்டரிலேயே கையால் செய்த பேய் என்று போடப்போகிறோம் என்றான். நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு பெயரைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த வேலை மாரிசெலுக்கு வந்தது. கேமராவோடு பட்டறைக்கு வந்தாள். பார்க்கிங்கை மூன்று சுற்று ஓடச் சொல்லி, மூச்சு வாங்கும்போதே டோரிஸுக்குள் கையை விடச் சொன்னாள். ஒரே நாளில் ஒன்பது தடவை. களைத்தால் எனக்கு முதலில் சுண்டுவிரல்தான் விழுகிறது, அதனால்தான் இடது கடைவாய் தொங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அறுபது வருஷமாக என் கையில் இருக்கும் விரல், எனக்குத் தெரியாது. அந்த நாற்பது விநாடிக்குப் பதினொரு வாரம் உட்கார்ந்தாள். ஒரு தடவை அவள் ஆபீசுக்குப் போனேன். திரையில் டோரிஸ் என் கையோடு துடித்துக்கொண்டிருந்தாள். நல்லாயிருக்கு என்று வாய்வரை வந்தது, ஏசி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது முன்னோட்டத்தில் ஜனம் அலறியது. "நல்லவேளை, இந்தப் படத்திலாவது கம்ப்யூட்டர் இல்லை" என்று பலர் எழுதிக் கொடுத்தார்களாம்.

அக்டோபரில் படம் வந்து நன்றாக ஓடியது. அடுத்த மாதம் பேய்ப்பட ரசிகர்கள் கூடும் விழாவில் என்னை மேடையேற்றினார்கள். எண்ணூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாலாவது வரிசையில் மாரிசெல், டிக்கெட் வாங்கி வந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அந்தப் படத்தில் வேலை செய்ததாக அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்று ஸ்டூடியோ அவளிடம் எழுதி வாங்கியிருந்தது. என்னிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. நான் என்ன சொன்னாலும் தட்டிக்கேட்க ஆளில்லை.

ஒரு ரசிகர் மைக்கைப் பிடித்தார். அந்த இடது கடைவாய் மெதுவாகத் தொங்குகிறதே, அதைப் பார்த்து மூன்று நாள் தூங்கவில்லை, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

மாரிசெல் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தாள்.

"சுண்டுவிரல்" என்று ஆரம்பித்தேன். களைத்தால் முதலில் விழுவது அதுதான், எத்தனையோ வருஷ அனுபவத்தில் கண்டுகொண்டேன் என்று கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினேன். பதினொரு வாரம் பழகினேன் என்றேன். பத்து நிமிஷம் விடாமல் பேசினேன். சபை எழுந்து நின்றது. மாரிசெலின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட மனுஷன் பார் என்பதுபோல மகளை முழங்கையால் இடித்தார். மாரிசெலும் எழுந்து கைதட்டினாள்.