வந்த பிள்ளையின் படம்

எங்கள் நாடக மன்றத்தில் சசிகரனைப் போல ஆட்களை நம்பவைக்கிற நடிகன் கிடையாது. வசனம் பேசாதவரைக்கும்தான். வசனம் பேசத் தொடங்கினால் முன்வரிசையில் இருப்பவர்கள் மீன் விலை பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்கிற பாத்திரம் கொடுத்தால் அவனை வெல்ல ஆள் இல்லை. டெங்கு விழிப்புணர்வு நாடகத்தில் நுளம்பாக வந்தான். மண்டபத்தை ஒருதரம் சுற்றி வந்ததும் பிரதம விருந்தினருக்குக் குளிர் காய்ச்சல் பிடித்துவிட்டது. புகையடிக்க வந்தவர்கள் மண்டபத்தை விட்டுவிட்டு அவனுக்குத்தான் முதலில் அடித்தார்கள்.

கிழமை நாட்களில் அவன் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுப்பவன். சனிக்கிழமை பின்னேரம் டவுனில் ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை குறும்படம், அல்லது எங்காவது பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கரடி வேஷம். கலியாணம் கட்டவில்லை. கேட்டால் சனி ஞாயிறு ஓய்வில்லை என்பான். நான் அந்த மன்றத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறவன். மற்ற நடிகர்களுக்கு முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும். சசிகரனுக்குக் கடைசிச் சொல் வரைக்கும் கொடுக்க வேண்டும்.

கிண்ணியாவில் இருந்து சஜீத் என்ற பொடியன் போனில் படம் எடுக்க வருவான். அவனுடைய எல்லாப் படங்களிலும் ஒரு பிணம் வரும். எல்லாப் பிணமும் சசிகரன்தான். ஒருமுறை துறைமுகக் கரையில் பிணமாகக் கிடத்திவிட்டு, 'கட்' சொல்ல மறந்து சஜீத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். அலை வந்து ஆளை எடுத்துக்கொண்டு போயிற்று. கிண்ணியாப் பாலத்தடியில் தோணிக்காரர்கள் தூக்கிக் கரையில் போட்டார்கள். சனம் கூடியது. ஒருத்தி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். சஜீத் மோட்டார் சைக்கிளில் வந்து 'கட்' என்று சொன்ன பிறகுதான் சசிகரன் எழும்பி, "சரியா வந்ததோ?" என்று கேட்டான். நம்பாதவர்கள் பாலத்தடியில் போய் விசாரிக்கலாம். அங்கே நிற்கிறவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பிணத்தைப் பேஸ்புக்கில் பார்த்துவிட்டுத்தான் லோஜினி வந்தாள்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சசிகரனைப் பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். நான் போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"ஆரைத் தேடுறீங்கள் பிள்ளை?"

"அந்தப் பிணத்தை" என்றாள்.

கட்டைபறிச்சானில் இருந்து வந்திருந்தாள். சொந்த ஊர் சம்பூர். இரண்டாயிரத்து ஆறில் சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியபோது அவளுடைய அண்ணன் தர்சன், மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவன். இருபத்திரண்டு வயது. பிறகு அவனைக் கண்டவர் இல்லை. தாயின் பெயர் நல்லபிள்ளை; டவுனில் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் இருக்கிற கொட்டகையில் மகனின் படத்தோடு வருஷக்கணக்காகக் குந்தியிருந்தவள். இப்போது கண் தெரியாது. படுக்கையில் விழுந்து, வாயில் ஈரம் மட்டும் வைத்து, உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

"காலடிச் சத்தம் கேட்டால் 'தர்சனோ?' எண்டு கேக்கிறா. நான் தண்ணி அள்ளப் போய் வந்தாலும் 'தர்சனோ?' பூனை வந்தாலும் 'தர்சனோ?' அவ அவனுக்காகத்தான் போகாமல் கிடக்கிறா, ஐயா. மகன்ர கையால பால் பருக்கினால் போயிடுவா." சசிகரனிடம் திரும்பினாள். "உங்களுக்கு அவன்ர முகம். ஒருக்கா வந்து, 'அம்மா, நான் வந்திட்டன்' எண்டு சொல்லி, ரெண்டு கரண்டி பால் விடுங்கோ. அம்மா நிம்மதியாப் போகட்டும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

சசிகரன் என்னை இழுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனான். "அண்ணை, பாவம் பிடிக்கும்."

"நுளம்பாப் போய்ச் சனத்தைக் கடிக்கேக்க பிடிக்காத பாவம் இப்பவோ பிடிக்கும்?"

"வசனம் வேற இருக்கு."

"ஒண்டுதானே. நானும் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடைய மோட்டார் சைக்கிளில் போனோம். குடாவைச் சுற்றி, பாலங்கள் எல்லாம் தாண்டிப் போகும்வரை அவன் எனக்குப் பின்னால் இருந்து அந்த ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். மூதூரைக் கடந்தபோது எனக்கே அம்மா நினைவு வந்துவிட்டது.

நான் அறைக் கதவுச் சீலைக்குப் பின்னால் என் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டேன். உள்ளே கட்டிலில் ஒரு சீலை மட்டும் கிடக்கிறது என்று நினைத்தேன், அதுதான் நல்லபிள்ளை. சசிகரனின் கால் நிலத்தில் பட்டதும் கட்டில் சீலை கேட்டது.

"தர்சனோ?"

"அம்மா, நான் வந்திட்டன்."

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனாகவே சொன்னான். நாற்பது பேருக்கு முன்னால் ஒருநாளும் சரியாகச் சொல்லாதவன், கண் தெரியாத ஒரு மனுஷிக்கு முன்னால் அப்படிச் சொன்னான். அவள் கை மேலே எழும்பி அவன் நெற்றி, மூக்கு, மீசை எல்லாவற்றையும் தடவியது. லோஜினி பால் கிண்ணத்தை நீட்டினாள். ஒரு கரண்டி. தொண்டை அசைந்தது. இரண்டாவது கரண்டி. லோஜினி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று நான் செருப்பைத் தேடத் தொடங்கினேன். மூன்றாவது கரண்டியோடு நல்லபிள்ளை வாய் திறந்தாள்.

"சீனி காணாது."

கிண்ணம் முடிந்தது. பின்னேரம் தலையணை வைத்துச் சாய்ந்து இருந்தாள். அடுத்த ஞாயிறு மீன் குழம்போடு பிட்டுச் சாப்பிட்டாள். அதற்கு அடுத்த கிழமை, பக்கத்து வளவு ஆடு வேலிக்குள் தலையை நீட்ட, மணத்தை வைத்தே பொல்லை எறிந்தாள். ஆடு அன்றைக்கே இடம்பெயர்ந்து தோப்பூருக்குப் போய்விட்டது.

அந்த முதல் ஞாயிறு பின்னேரமே லோஜினி எங்களைப் படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

"அனுப்பிவைக்க எண்டு உங்களைக் கூட்டிவந்தன். எழும்பி இருந்து என்னைப் பேசுறா. சந்தோஷப்படவும் ஏலாது, அழவும் ஏலாது." பிறகு நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள். "அடுத்த ஞாயிறும் வருவீங்களோ? வராட்டி அவ பழையபடி கிடந்திடுவா."

அதோடு சசிகரனின் ஞாயிற்றுக்கிழமைகள் கட்டைபறிச்சானுக்குப் போயின. சஜீத்தின் பிணங்கள் வேறு ஆட்களுக்குப் போயின. நல்லபிள்ளை ஒரேயொரு முறைதான் கேட்டாள்: "எங்கயடா இருந்தனீ?" சசிகரன் "தூர, அம்மா" என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கு மட்டும்தான் போதும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது படலையில் வான் வண்டி ஒன்று நின்றது. முற்றம் முழுக்கப் பெண்கள். எல்லோர் மடியிலும் ஒவ்வொரு படம். லோஜினி குசினி வாசலில் வெளிறிப்போய் நின்றாள்.

"அம்மா ஆட்டோக்காரனிட்ட கொட்டகைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறா" என்றாள் மெல்ல. "'என்ர பிள்ளை வந்திட்டான், அவன்ர படத்தைக் கழட்டிக் கொண்டு வாங்கோ' எண்டு."

நல்லபிள்ளை நடு முற்றத்தில் கதிரையில் இருந்தாள். கொட்டகையில் தொங்கிய தர்சனின் படம் அவள் மடியில் கவிழ்ந்து கிடந்தது. சசிகரன் உள்ளே கால் வைத்ததும் பெண்கள் எழும்பினார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. வரிசையாக வந்தார்கள், கோவிலில் திருநீறு வாங்க வருவது போல. முதலில் வந்தவர் மூதூர் றுக்கியா. தையல்காரி. அவர் கையில் இருந்தது அவருடைய தம்பி லாபிரின் படம், கலியாணக் கோட்டோடு.

"மகன், பயப்பிடாதீங்க. நாங்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம். உங்களைப் பிடிச்சு வைச்சிருந்த இடத்தில இவன் இருந்தானா? கண்டீங்களா?"

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் வசனம் மறந்துபோனால் விழிக்கக் கூடாது, தலையைச் சொறியக் கூடாது. 'ஓம்' என்று சொல்ல வேண்டும். அரசன் கேட்டாலும் ஓம், அரக்கன் கேட்டாலும் ஓம். எதிரில் நிற்பவன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வான். சசிகரனுக்கு அந்தச் சொல் மற்ற எல்லா வசனங்களையும் விட நன்றாகப் பாடம். அன்றைக்கு அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"ஓம்" என்றான்.

றுக்கியா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாக நெருங்கினார்கள். படங்கள் அவன் முகத்துக்கு முன்னால் ஒன்றை ஒன்று இடித்தன. "இவனை?" "இந்தப் பிள்ளையை?" "வலது கையில மச்சம் இருக்கும், பாருங்கோ தம்பி." சசிகரன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"நான் தர்சன் இல்லை! என்னை மன்னியுங்கோ. நான் நாடகக்காரன். சசிகரன். டவுனில ஆணி நிறுக்கிறனான். நான் ஒருத்தரையும் காணேல்ல!"

 லோஜினி முன்னுக்கு வந்தாள்.

"ஓம், உண்மை. நான்தான் கூட்டி வந்தனான். அம்மா நிம்மதியாப் போகட்டும் எண்டு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சசிகரன் சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். றுக்கியா அதை வாங்கி, பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது.

"பேரும் மாத்திக் குடுத்துத்தான் விட்டிருக்கிறாங்க. வெருட்டி அனுப்பியிருக்கிறாங்க, பாவம். 'ஓம்' எண்டு முதல்ல சொன்னது மனசில இருந்து வந்தது. நாங்க காத்திருக்கிறம் மகன். பயம் தெளிஞ்சாப் பிறகு சொல்லுங்க."

நல்லபிள்ளை கதிரையில் இருந்தபடி கையை வீசினாள். "விடுங்கோடி என்ர பிள்ளையை. வந்ததும் வராததுமாப் போட்டு உலுப்புறீங்கள்."

சசிகரன் பிறந்ததில் இருந்து சொன்ன வசனங்களில் 'நான் தர்சன் இல்லை' என்பதுதான் ஆக உண்மையானது. ஒருத்தரும் நம்பவில்லை. என் அனுபவத்தில் அதற்குக் காரணம் சொல்ல ஏலாது, நன்றாகத்தான் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை நடக்கவில்லை. லோஜினி, தாயின் தலையணைக்குக் கீழே இருந்த படத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்திருந்தாள். "கொட்டகையில திருப்பி மாட்ட வேணும். நீங்கள் ரெண்டு பேரும் வந்து உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள். போனோம். வெயில் ஏறியிருந்தது. உள்ளே சுவர்ச் சீலையில் படங்கள் வரிசையாகத் தொங்கின. தர்சனின் இடத்தில் வேறொரு பிள்ளையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இடம் கிடைக்கக் காத்திருந்த ஒரு பிள்ளை.

லோஜினி படத்தை நீட்டினாள். ஒருத்தரும் வாங்கவில்லை.

"வந்த பிள்ளையின்ர படத்தை இதுக்குள்ள வைக்கப்படாது, லோஜினி" என்றார் றுக்கியா. "அவனுக்குத்தான் கூடாது."

"அவன் வரேல்ல. எத்தினை தரம் சொல்றது? இவர் வேற ஆள்."

"சரி பிள்ளை."

"சரி எண்டு சொல்லாதேங்கோ!"

றுக்கியா அவள் கையைத் தடவினார். மற்றப் பெண்கள் சசிகரனைப் பார்த்துச் சிரித்தார்கள். தங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஒருத்தி எழும்பி அவனுக்குப் போத்தலில் தண்ணி கொடுத்தாள். அவன் வாங்கினான், குடிக்கவில்லை.

"அம்மா தேட மாட்டா. அவவுக்குப் பிள்ளை வந்திட்டான்" என்றாள் லோஜினி, எங்கள் இருவருக்கும் கேட்கிற அளவில். "இவையளும் தேட மாட்டினம். இனி என்ர அண்ணனை ஆர் தேடுறது?"

எனக்கு எழுபத்தாறு வயது. வாயில் வராத பொய் கிடையாது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அவள் கொட்டகைக்கு வெளியே, வரிசை முடிகிற இடத்தில், வெயிலில் குந்திக்கொண்டாள். படத்தை ரோட்டைப் பார்த்தபடி மடியில் நிமிர்த்தி வைத்தாள். படத்தில் இருப்பவனுக்கு வயது ஏறவில்லை. சசிகரனுக்கும் அவனுக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம்.  சசிகரன், ஒருத்தரும் சொல்லாமல், அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். அவளுக்குத் துணையாக இருக்கத்தான் அப்படிச் செய்தான்.

ரோட்டால் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நீ குடுத்து வைச்சனீ, பிள்ளை" என்று லோஜினியிடம் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.