யார் ஊற்றுவது

மாமா மேஜைமீது இரண்டு ஸ்காட்ச் பாட்டில்களை வைத்தார். இரண்டுமே கடையின் கீழ்த்தட்டில் கிடக்கும் மலிவான கலப்பு ரகம். அக்கா செத்த இந்தப் பதினோரு மாதத்தில் நாங்கள் இப்படி உட்கார்ந்ததில்லை.

அதற்கு முன் எட்டு வருடம், மாதம் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருவோம். மாமா லிஃப்ட் மெக்கானிக். நான் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பாதித் தூக்கத்தோடு ஓடிவருபவன். உசத்தி விஸ்கிக்கு வழியில்லாதவர்கள் மலிவில் எது தேறும் என்று ஆராய்ச்சி செய்தோம். லேபிளைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும். அதனால் அக்காதான் சமையலறையில் ஊற்றி, தம்ளருக்கு அடியில் பிளாஸ்திரி ஒட்டி, எண் போட்டுக் கொண்டுவருவாள். அவள் ஒரு சொட்டு குடித்ததில்லை. "மோந்து மோந்து பாக்குறதப் பாரு. இவனுக்கு இதுல தேன் வாசன வருதாம்" என்பாள். ஒருமுறை மூன்று தம்ளரிலும் ஒரே சரக்கை ஊற்றிவிட்டாள். நாங்கள் மூன்றுக்கும் வேறு வேறு மார்க் போட்டோம். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

போன வாரம் மாமா போனில் சுற்றி வளைக்கவில்லை. "மாப்ள, எனக்குன்னு ஒருத்தங்களப் பாத்திருக்கேன். நீ வந்து பாரு. நீ வேணாம்னா அதோட விட்டுடறேன்."

வேணாம் என்பதைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

வந்திருந்த பெண் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவர். அக்காவைவிட உயரம். "இவங்க ஊத்தட்டும்" என்றார் மாமா.

"நான் ஏன் ஊத்தணும்? நானும்தான் குடிப்பேன்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மாமா முதல் பாட்டிலைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் விட்டார். அந்தப் பெண் முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடினார்.

"முதல்ல ஆப்பிள். பின்னாடியே நனைஞ்ச அட்டைப்பெட்டி. வர்றப்ப பெரிய ஆர்ப்பாட்டம், தொண்டையத் தாண்டினா ஆளையே காணோம்."

குடித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. எட்டு வருடத்தில் நாங்கள் எந்த விஸ்கியையும் இத்தனை சரியாகச் சொன்னதில்லை. வெறுக்கக் காரணம் தேடி வந்தவனுக்கு இது பெரிய இடைஞ்சல்.

"விலைக்குப் பரவால்ல" என்றார் மாமா.

"உங்களுக்கு எதுதான் பரவால்ல இல்ல? ரெண்டையும் மறைச்சு வச்சுப் பாத்துடுவோம்."

"அப்ப யாரு ஊத்துறது?" என்றார் மாமா.

தம்ளரை மேஜையில் வட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாப்ள, ஏதாவது சொல்லேன்."

அவர் கேட்டது விஸ்கியைப் பற்றி இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க மாமா. நான் ஊத்துறேன்."

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் பாட்டில்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தம்ளர் இருந்த இடத்தில் பருப்பு டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடினேன்.

"இடது பக்கம், மேல்தட்டு" என்று ஹாலிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

அங்கேதான் இருந்தன. அக்கா நிற்கும் இடத்தில் நின்று ஊற்றினேன். அங்கிருந்து பார்த்தால் மாமாவின் முதுகும் மேஜையின் ஒரு ஓரமும்தான் தெரிகிறது. நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியைச் சுவர் மறைத்துவிடுகிறது. ஹாலில் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கென்று கேட்கவில்லை.

கடைசித் தம்ளரில் எதை விட்டேன் என்பது மறந்துபோனது. முகர்ந்து பார்த்தேன். மூக்கு அடைத்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.