மூன்றாம் தளத்தில் ஒரு பிழை

ஒஸ்லோவில் பேஸ்போல் விளையாடுகிறார்களா என்று என்னிடம் கேட்காத சனமில்லை. விளையாடுகிறார்கள். அதற்குக் குறிப்பெழுதுகிற தமிழ்ப் பொம்பிளை நான்தான். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் திடலோரம் ஒரு மடக்கு மேசை, பென்சில், கட்டம் போட்ட தாள். மழை வந்தால் தாளுக்கு பிளாஸ்டிக் உறை உண்டு, எனக்கு ஒன்றுமில்லை.

எல்லாம் என் மகன் ஜெனுசனுக்காக. இருபத்தாறு வயது. மருந்துக்கடையில் வேலை செய்தபோது ஒரு கிழவருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டான். கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இவன்தான் விழுந்துபோனான். வேலையை விட்டுவிட்டு, ஒஸ்லோ ஓரத்துப் புருசெத்தில் எங்கள் வீட்டுக்குள் ஏழு மாதம் முடங்கிக் கிடந்தான். குளிக்கச் சொல்லிக் கெஞ்சவேண்டியிருந்தது. பள்ளித் தோழன் மார்க்கஸ்தான் வந்து, இழுத்துக்கொண்டுபோய்த் தன் அணியில் சேர்த்தான். அதற்குப் பிறகு பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டான், சிரித்தான். கூடப் போன நான் சும்மா குந்தியிருக்க முடியாமல் பென்சிலைப் பிடித்தேன்.

இந்த விளையாட்டில் குறிப்பெழுதுபவருக்கு ஒரு பொல்லாத அதிகாரம் உண்டு. பந்தை அடித்தவன் முதல் தளத்துக்கு ஓடிச் சேர்ந்துவிட்டால், அது அவனுடைய திறமையா, பந்தைத் தடுக்கவேண்டியவனின் தவறா என்று நான்தான் தீர்க்கவேண்டும். திறமை என்றால் 'அடி'. இல்லையென்றால் தடுக்கத் தவறியவனின் பெயருக்கு நேரே 'பிழை'. நடுவர்கூடத் தலையிட முடியாது.

அந்தச் சனிக்கிழமை மார்க்கஸ் பந்தெறிந்தான். எதிரணியில் ஒருவனாலும் ஒரு 'அடி' எடுக்க முடியவில்லை. ஆட்டம் முழுக்க அப்படி எறிந்து முடிப்பது வாழ்நாளில் ஒருதரம் வாய்த்தாலே பெரிய காரியம். அடுத்த கிழமை அவனுக்குத் தோளில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு எறிவானோ தெரியாது. கடைசியில் இன்னும் ஒரே ஒருவனை வெளியேற்றினால் போதும் என்ற நிலை. பந்து மெதுவாக உருண்டு, மூன்றாம் தளத்தில் நின்ற ஜெனுசனிடம் வந்தது. பாலர் வகுப்புப் பிள்ளையும் பிடிக்கும். அது அவன் கால்களுக்கிடையால் போய்விட்டது, அடித்தவன் முதல் தளத்தில் ஏறிவிட்டான்.

'பிழை' என்று எழுதினால் மார்க்கஸின் சாதனை நிற்கும், 'அடி' என்றால் போய்விடும். முழுத் திடலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜெனுசனுக்கு முகம் வெளிறிவிட்டது, அந்த ஏழு மாதமும் நான் பார்த்த அதே முகம். ஐயோ, இந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே இன்னொருதரம் பிழை என்று யார் எழுதுவது? பெற்ற நானா? 'அடி' என்று எழுதினேன்.

அடுத்தவனை மார்க்கஸ் வெளியேற்றினான். அணி வென்றது, ஆனால் ஒருவரும் துள்ளவில்லை. மார்க்கஸ் வந்து தாளைப் பார்த்தான். வழக்கம்போல எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஜெனுசன் தொடங்கினான்.

"அம்மா, அது என்ர பிழை. மாத்துங்கோ. ஒரு நாள் அவகாசம் இருக்கெல்லே."

"பந்து கல்லிலை பட்டுத் துள்ளினது. நான் கண்டனான்."

"துள்ளேல்லை."

"விசர்க்கதை கதையாதை. குறிப்பெழுதுறது நீயோ, நானோ?"

அவன் பிறகு கேட்கவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அந்த ஒரு நாளும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு நேரமாகியும் அவன் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"என்ன, திரேனிங்குக்கு வெளிக்கிடேல்லையோ?"

"நான் இனிப் போகேல்லை."

"ஏன் ராசா? உன்ர பேரிலை ஒரு பிழையும் இல்லையே."

"அதுதான் அம்மா." அவன் சத்தம் போடவில்லை. "பிழை எண்டு எழுதியிருந்தால் அண்டைக்கே மார்க்கசிட்டைப் போய் மன்னிப்புக் கேட்டிருப்பன். அவன் ரெண்டு ஏச்சு ஏசியிருப்பான், முடிஞ்சிருக்கும். மருந்துக்கடையிலையும் நீங்கள்தானே போய்ச் சண்டை பிடிச்சனீங்கள், பிழை அவையிலைதான் எண்டு. அந்தக் கிழவரிட்டையும் நான் மன்னிப்புக் கேக்கேல்லை. இப்ப மார்க்கஸின்ர ஆட்டத்தையும் பறிச்சுப்போட்டு, சுத்தமான ஆள் மாதிரி எந்த முகத்தோட அங்கை போய் நிக்கிறது?"

பயிற்சியாளர் எமிலியாவுக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். தவணை முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாள். மார்க்கசுக்குக் கோபமில்லையாம். ஜெனுசனிடம் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அடுத்த சனிக்கிழமை தனியாகத்தான் போனேன். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே. மூன்றாம் தளத்தில் நிதுசன் என்ற புதுப் பெடியன் நின்றான். மூன்றாவது சுற்றில் ஒரு பந்து அவன் கையுறைக்குக் கீழால் நழுவிப்போனது. நான் யோசிக்கவேயில்லை, 'பிழை' என்று எழுதினேன். நிதுசன், மார்க்கசுக்குப் பதிலாகப் பந்தெறிந்தவனைப் பார்த்து, என்னிலைதான் பிழை என்று கையை உயர்த்தினான். அவன் பரவாயில்லை என்று தலையாட்டிச் சிரித்தான். அடுத்த பந்தை எறியத் தயாரானார்கள்.

அவ்வளவுதான். அவ்வளவுதானா அது! கண்ணீர் என் கண்ணை மறைத்தது. அடுத்த பந்துக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டு எழுதினேன்.