மொட்டைமாடியில் இருபது சுற்று

மூணே மாசம் என்று சொல்லித்தான் குப்பம்மாள் மலையிறங்கினாள். கணியம்பாடியில் மகள் மஞ்சுளாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மஞ்சுளா ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்பியதும், மூணு மாசம் ரெண்டு வருஷமாக நீண்டுவிட்டது.

மலைமேல் அவள் புருஷன் வேடியப்பன் ஒண்டியாகக் கிடந்தார். எழுபது வயசு. சாமைக் கொல்லையைப் பங்காளியிடம் விட்டார். காலையில் பொங்கியதையே ராத்திரிக்கும் தின்றுவிட்டு, கட்டிலே கதியென்று ஆனார். கால் வலுவிழந்தது. பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ரேணுகாதேவி, "தெனம் அரைமணி நேரம் நடங்க தாத்தா" என்றாள்.

"எங்கம்மா நடக்கறது? யாரப் பாக்க?"

"பாட்டிகிட்ட பேச நடங்க. மேட்டு வளைவுலதான் டவர் எடுக்குது."

முதல் நாள் பாதி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலாம் நாள்தான் வளைவு வரை போய்ப் போன் போட முடிந்தது.

"இன்னாங்க, இப்டி மூச்சு வாங்குது?" குப்பம்மாள் பதறினாள்.

"உங்கிட்ட பேசத்தான் ஏறி வந்தேன்."

 "நானும் மொட்டைமாடியில நடக்கறேன். சேந்து நடக்கலாம்" என்றாள்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வளைவுக்கு ஏறிப் போன் போட்டு, அங்கேயே முன்னும் பின்னும் நடப்பார். போனில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். "இது இருபதாவது சுத்து" என்று அவள் சொன்ன பிறகுதான் பேச்சு முடியும். போன் அணைந்த பிறகும் அவர் வளைவிலேயே நின்றிருப்பார். கால் தேறியது. கொல்லையில் மறுபடி இறங்கினார்.

அறுப்பு முடிந்த கையோடு, யாரிடமும் சொல்லாமல் ரெண்டு பஸ் மாறிக் கணியம்பாடி போனார். நாலு மணிக்கு மாடிப்படியில் நின்று போன் போட்டார்.

"நடந்துக்கினுதான் இருக்கேன். ஆறாவது சுத்து" என்றாள் குப்பம்மாள், பேச்சின் நடுவே.

தலையை நீட்டிப் பார்த்தார். அவள் தண்ணித் தொட்டியோரம் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கையில் பிடித்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் செருப்பு நழுவி விழுந்தது.

"முட்டி வலிங்க. மூணு சுத்துக்கு மேல முடியல. நான் நின்னா நீங்களும் நின்னுடுவீங்கன்னு..."

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வீங்கியிருந்த முட்டியைத் தடவிக்கொடுத்தார்.

"வூட்டுக்கு வந்துடேன், குப்பு."

பேரப்பிள்ளை வந்து அவள் மடியில் ஏறியது. "இது பள்ளிக்கூடம் போவட்டுங்க. இன்னும் ஒரு வருசம்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ரெண்டு வாரம் தங்கினார். அவள் முட்டியைப் பார்த்த டாக்டரும் மெதுவாக நடக்கத்தான் சொன்னார். காலையில் அவள் கையைப் பிடித்துப் பால்கடை வரை நடத்திக் கூட்டிப்போனார். முதல் நாள் வழியில் ரெண்டு தடவை உட்கார்ந்தாள். கடைசி நாள் உட்காராமல் போய்வந்தாள்.

மலைக்குத் திரும்பிய மறுநாள் வளைவிலிருந்து கூப்பிட்டார்.

"எங்க இருக்க? நெஜத்தச் சொல்லு."

"பால்கடை பெஞ்சில. கொஞ்சம் இருங்க, எழுந்துக்கறேன்."

"உக்காரு, அவசரமில்ல."

அவரும் பாறையில் உட்கார்ந்தார். கீழே சமவெளி முழுக்க மஞ்சு மூடியிருந்தது. கணியம்பாடி எந்தப் பக்கம் என்று தோராயமாகத்தான் தெரியும். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.