முழங்கால் வெளுப்பு

புதுப் பேன்ட்டைப் பழசாக்குவதற்குச் சம்பளம் தருகிற உலகம் இது. சலவைப் பட்டறையில் அந்த வேலையைத்தான் பெரியவளும் சின்னவளும் பார்த்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். காற்றடைத்த பொம்மைக் காலில் ஜீன்ஸை மாட்டி, முழங்காலில் ஊதா மருந்தைப் பீய்ச்சி, பிறகு கழுவினால் பல வருஷம் உடுத்தித் தேய்ந்ததுபோல் வெளுத்துவிடும். கழுவிய தண்ணீர் பின்பக்க வாய்க்காலுக்குப் போகும். அங்கே தவளைகூடக் கத்துவதில்லை.

மருந்துப் புகையை இழுக்கச் சுவரில் பெரிய ஃபேன் ஒன்று இருந்தது. இருந்து என்ன? அது ஓடினால் பீய்ச்சுகிற மருந்துச் சாரலில் பாதியைக் குடித்துவிடும். கம்பெனிக்கு முதலில் அடித்துக் காட்டிய சாம்பிளில் உள்ள அகலமான வெளுப்பு வர இரண்டு தடவை அடிக்க வேண்டும். வேலை தாமதமாகிறதென்று சூப்பர்வைசர் அதை அணைத்தே வைத்திருந்தான். அவன் வேறு யாருமில்லை, சின்னவளின் புருஷன்தான். இந்தப் புகையிலேயே நின்றால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னதை அவள் அவனிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பெரியவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் இந்த முறை சண்டைக்குப் போகவில்லை. இந்த வியாபாரத்தில் ஒரு மாடல் இரண்டு வாரம் தாங்கினாலே அதிகம். புது மாடல் வந்தால் சாம்பிள் அடிப்பது அவள்தான். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்? எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஃபேனைப் போட்டுவிட்டுப் புது சாம்பிளை அடித்தாள். வெளுப்பு சின்னதாக, ஓரம் கூர்மையாக விழுந்தது. வாங்குகிற கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துப்போய் முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. முத்திரை விழுந்த சாம்பிளை முதலாளியே நினைத்தாலும் மாற்ற முடியாது; எல்லாப் பேன்ட்டும் அதைப்போலவே இருந்தாக வேண்டும்.

கொழுந்தன் வழக்கம்போல் ஃபேனை அணைத்துவிட்டு ஓட்டினான். முதல் லோடு கம்பெனியிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. முழங்காலெல்லாம் மாவு கொட்டியதுபோல் வெளுப்பு. மருந்தைக் குறைத்தான், ஆளை மாற்றினான், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அண்ணியிடம் வந்து நின்றான்.

"சாம்பிள எப்படித்தான் அடிச்சீங்க அண்ணி?"

"ஃபேனப் போட்டுட்டு அடிச்சேன். இனிமே அது ஓடினாத்தான் உன் லோடு போகும்."

அவன் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் போய் ஸ்விட்சைப் போட்டான். வேலை முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். புகை சுவரைப் பார்த்து நகர்ந்தது.

சின்னவள் பீய்ச்சுகிற குழாயைக் கீழே வைத்தாள்.

"மூச்சு முட்டுதுன்னு நான் சொன்னப்பல்லாம் போடல. பேன்ட் திரும்பி வந்ததும் போடுறீங்க."

அவன் பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. அடுத்த மாடலுக்கும் ஃபேனைப் போட்டுவிட்டுத் தானே சாம்பிள் அடிக்கப்போவதாகப் பெரியவளிடம் சொல்லிவிட்டு, அடுத்த பேன்ட்டை எடுத்து மாட்டினாள்.