அண்ணனின் திரை

அண்ணனின் அக்குள்களுக்கு அடியில் கைகொடுத்து அவன் மேலே இழுத்தான். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அண்ணியைப் பார்த்து, "மெதுவா தூக்கச் சொல்லு" என்றார்.

"மெதுவாத்தான் தூக்குறாரு" என்றாள் அண்ணி.

"நகம் குத்துது. வெட்டிட்டு வரச் சொல்லு."

அவன் தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் செருகினான். நகம் வெட்டித்தான் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. சொன்னாலும் பதில் அண்ணி வழியாகத்தான் சுற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் படுக்கையில் விழுந்ததிலிருந்து, மருந்துக்கடையைத் திறப்பதற்கு முன்பும் பூட்டிய பிறகும் அவன் வந்து போய்க்கொண்டிருந்தான். அண்ணிக்கு இடுப்பு வலி. ஒற்றை ஆளாய் அவரைப் புரட்ட முடியாது. மகளுக்கு வெளியூரில் வேலை. முந்தின நாள் வந்த டாக்டர் வாசல்வரை போய் செருப்பை மாட்டிக்கொண்டே, "யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் இன்று அவன் கடையைத் திறக்கவே இல்லை.

"அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா" என்றார் அண்ணன்.

அண்ணி மடிக்கணினியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துத் திறந்தாள். அண்ணனின் விக்கி வந்தது. செய்தித்தாளில் பக்கம் வடிவமைத்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாருக்கும் தெரிகிற தோற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. "பக்கமா இது, துணிக்கடைப் பை மாதிரி இருக்கு" என்று திட்டினார். அங்கே ஒவ்வொருவரும் தோற்றத்தை மாற்ற ஒரு பாணிப் பக்கமும், எதைக் காட்டுவது எதை மறைப்பது என்று கட்டளையிட ஒரு நிரல் பக்கமும் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். அதில் எழுதுவதன் விளைவு எழுதியவர் திரையில் மட்டும்தான் தெரியும். அண்ணன் அதைக் கற்றுக்கொண்டு இடப்பக்கப் பட்டியலைத் தூக்கினார், பின்னணியைப் பழுப்பாக்கினார், பத்திகளைச் செய்தித்தாள் போல ஒடுக்கினார். வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

அவரைப் பார்த்துத்தான் அவனும் அங்கே எழுதப் போனான். முதன்முதலில் அவன் கைவைத்தது ஆற்றுப் பாலத்தைப் பற்றிய கட்டுரை. அப்பா அந்தப் பாலத்தில் வெல்டராக வேலை செய்தவர். அவன் அப்பாவின் பெயரை ஒரு வரியில் சேர்த்தான். அன்று சாயங்காலமே அந்த வரி போய்விட்டது. "ஆதாரம் இல்லை" என்று குறிப்பு எழுதி நீக்கியிருந்தது அண்ணன். அவன் திரும்பச் சேர்த்தான். அவர் திரும்ப நீக்கினார். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், ஊரே பார்க்கிற இடத்தில், அவன் எழுதினான்: "ஆதாரம் வேண்டுமா? அப்பாவின் கண்கள்தான் ஆதாரம். அந்தப் பாலத்தில்தான் போயின. பார்வையில்லாதவரைக் கடைசிவரை குளிப்பாட்டியது நான். நீ வந்தது பிணத்தைப் பார்க்க."

அண்ணன் அதற்குப் பதில் எழுதவில்லை. அவருடைய நிரல் பக்கத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்தார். அதன்பிறகு தம்பி எங்கே எழுதினாலும், எதை எழுதினாலும், அண்ணனின் திரையில் அது இருக்காது. மகளின் கல்யாண வரவேற்பில், உறவுக்காரர்கள் நடுவே அவரே அதைச் சொன்னார். "எல்லாரும் கொசுவலை கட்டுறாங்க. நான் தம்பிவலை கட்டியிருக்கேன்." சிரித்தார்கள். கையில் தட்டோடு நின்றிருந்த அவனும் சிரிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நேரிலும் அவர் அவனோடு பேசுவதில்லை.

"எழுத்து ஓடுது" என்றார் அண்ணன் இப்போது. "ஒண்ணும் புடிபடல. பெருசாக்கு."

அண்ணி எதையோ அழுத்தினாள். எழுத்து பெரிதாயிற்று. ஆனால் அவர் ஒடுக்கிவைத்த பத்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. அவருக்குத்தான் தெரியும்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "செய்யச் சொல்லு" என்றார்.

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். பாணிப் பக்கத்தைத் திறந்தான். அண்ணனுக்குச் சுத்தமான கை. வரிக்கு வரி ஒரே இடைவெளி. எழுத்தின் அளவை இரண்டு மடங்காக்கினான். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கினான். கடைக்கு வரும் கண் நோயாளிகள் அப்படித்தான் போனை வைத்திருப்பார்கள். சேமித்தான்.

பக்கத்திலேயே நிரல் பக்கம். அதையும் திறந்தான். அந்த வரி நடுவில் இருந்தது. அவனுடைய பயனர் பெயர் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அழிக்கிற விசையின் மேல் விரல் போயிற்று. அழிப்பது அண்ணனுக்குத் தெரியாது. தலையைத் தூக்க முடியாதவர். கறுப்புத் திரையில் திடீரென்று தம்பியின் பெயர் வரும். அவ்வளவுதான்.

ஏன் நான் எடுக்கணும், என்று நினைத்தான். கட்டினவரே அவிழ்க்கட்டும்.

பக்கத்தை மூடி, பெட்டியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தான்.

அண்ணன் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நல்லா தெரியுது" என்றார். "கறுப்பு நல்லாத்தான் இருக்கு." பிறகு அண்ணியிடம், "பாலத்தைப் போடு."

பாலம் வந்தது. அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு படித்தார். கட்டிய ஆண்டு, நீளம், தூண்கள், திறந்துவைத்த மந்திரி. வேலை செய்தவர்கள் என்று ஒரு சொல் கிடையாது. விரல் கீழே வந்து நின்றது.

"யாரும் கைவைக்கல" என்றார்.

அவன் மூத்திரப் பையைக் கழற்றிக்கொண்டு குளியலறைக்குப் போனான். திரும்பி வரும்போது அண்ணனின் குரல் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தார்.

"நிரல்ல இருக்கிற அந்த வரியைத் தொட்டானா?"

அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"தொடலையாம்."

"சரி" என்றார் அண்ணன்.

மதியம் அண்ணி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவன் அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத்துணியால் முதுகைத் துடைத்தான். புண் வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். வரவில்லை. நல்லவேளை என்று நினைத்து அவரைத் திருப்பியபோது அவர் கை கனத்து அவன் தோளில் விழுந்தது. அந்தக் கையை அவன் உடனே எடுக்கவில்லை. பிறகுதான் அண்ணியைக் கூப்பிட்டான்.

மறுநாள் தகனம் முடிந்தது. அதற்கடுத்த நாள், அழுது அழுது குரல் கம்மிப்போன மகள் அவனிடம் வந்தாள். "சித்தப்பா, அப்பாவோட விக்கில யாராவது சொல்லணுமில்ல? அங்க நீங்கதான் எழுதணும்."

அவன் தன் போனில், அண்ணனுக்கு மற்றவர்கள் எழுதும் பேச்சுப் பக்கத்தைத் திறந்தான். பல தடவை எழுதி அழித்தான். கடைசியில் மிஞ்சியது ஒரு வரி: "என் அண்ணன் நேற்று முன்தினம் மதியம் வீட்டில் காலமானார்."

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்படியே அந்தப் பாலத்துல தாத்தா பேரையும் போட்டுடுங்களேன். இனிமே யாரு எடுக்கப்போறா?"

அவன் அந்த ஒரு வரியை மட்டும் சேமித்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அண்ணி மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் பேச்சுப் பக்கம், கறுப்பில் மஞ்சளாகப் பெரிய பெரிய எழுத்துகள். முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள். தன் முதல் கட்டுரையைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தவர் என்று ஒருவர். கோபமே வராது அவருக்கு என்று இன்னொருவர். "செய்தியைத் தெரிவித்ததற்கு நன்றி. உங்கள் குடும்பத்துக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று மூன்றாமவர். எல்லாம் உள்தள்ளி, எதற்கோ கீழே தொங்குகிற மாதிரி இருந்தன. மேலே வெறும் கறுப்பு.

"கோபமே வராதாம்" என்றாள் அண்ணி. பிறகு, "இவங்க யாருக்குப் பதில் சொல்றாங்க?"

"எனக்குத்தான் அண்ணி."

"நீங்க எழுதினதைக் காணோமே."

அவன் திரையின் மேல்பக்கத்தைப் பார்த்தான். அவளுக்கே புரிந்துவிட்டது.

"அது எங்க இருக்குன்னு காட்டுங்க."

அவன் குனிந்து நிரல் பக்கத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினான். அண்ணி அதை வெகுநேரம் பார்த்தாள். விரலை விசைமேல் கொண்டுபோனாள். அப்புறம் எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எடுத்துடுங்கன்னு. உயிரோட இருந்தப்ப எடுக்கல. இப்ப நான் எடுத்து யாரு பார்க்கப்போறா?" சொல்லிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களாவது எடுத்திருக்கலாமில்ல அன்னைக்கு? கையில தானே இருந்துச்சு."

"எடுத்திருக்கலாம்" என்றான்.

அண்ணி மூடியைச் சாத்தினாள்.

அப்போது அழைப்புமணி அடித்தது. வாடகைக் கட்டிலை எடுத்துப்போகக் கடைக்காரர் வந்திருந்தார். கூட ஆள் வரவில்லை. "ஒரு கை புடிங்க சார்" என்றார். கட்டிலை மடக்கி, சக்கரத்தைப் பூட்டி, இருவருமாக மாடிப்படியில் இறக்கினார்கள். திருப்பத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் மூச்சு வாங்க நின்றார்.

"பெரியவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"கூடப் பொறந்தவரா? கடைசில பேச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்களோட பேசினாரா?"

"கொஞ்சம் உங்க பக்கம் சாய்ங்க. அப்பத்தான் வரும்" என்றான் அவன்.

கட்டில் சுவரைச் சுரண்டிக்கொண்டு திரும்பியது. வண்டியில் ஏற்றிவிட்டு அவன் மேலே வந்தபோது, கட்டில் கிடந்த இடத்தை அண்ணி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பு வலிக்குப் பயந்து உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து துடைத்தாள். உதவட்டுமா என்று கேட்க நினைத்தான். கதவோரம் நின்றான். துணி அவன் பக்கம் வந்தது. அண்ணி தலையைத் தூக்கவில்லை. அவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். பிறகு மறு காலை.