பெட்ரோல் முள்

பெரியவர் மெக்கானிக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கினார். மெக்கானிக்கை ஊரே நட்டு என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளையின் வண்டியைத் தன் கடைக்கு வரவழைத்தால் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாமே என்று அவன் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துவிட்டான்.

"பழி சொன்னது இந்த வாசல்ல. டேங்க் திறக்கறதும் இந்த வாசல்லதான்" என்றார் அவர்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து மாமனார் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால், மறுநாள் காலையில் பெட்ரோல் முள் அடியில் படுத்துக் கிடக்கிறது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது. "உங்க வீட்டுல பெட்ரோல்கூட ஆவியாயிடுதே" என்று சம்பந்தியம்மாள் மருமகளிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள்: "உன் தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கலையா?"

மகள் வந்து சொன்ன அந்தக் கேள்விதான் பெரியவரை இங்கே கிளப்பிக்கொண்டு வந்தது. வேலை இல்லாதவன் திருடன் என்று யார் சட்டம் போட்டது? அவர் வீட்டில் யாரும் அடுத்தவர் கொடியில் காயும் துணியைக்கூடத் தொட்டதில்லை.

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். "இதுக்குப் போயி எதுக்கு மாமா இவ்வளவு தூரம்? சின்ன விஷயம்."

"உங்களுக்குச் சின்னது, மாப்பிள்ளை. சாவியக் குடுங்க."

நட்டு சாவியைத் திருப்பினான். முந்தின நாள் காலையில் மாமனார் வீட்டிலிருந்து கிளம்பியபோது கிடந்தபடியே முள் கிடந்தது. அவன் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"முக்காலுக்கு மேல நிக்குது சார். ஒரு சொட்டும் எங்கயும் போகல."

"முன்னெல்லாம் பங்க்ல கொஞ்சம் போட்டதும் முள் ஏறிடுச்சே" என்றார் மாப்பிள்ளை.

"போட்டதால ஏறல. வழியில பள்ளத்துல குலுங்கி ஒயர் ஒட்டியிருக்கும்."

"ஒரு தடவையாவது மூடியத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"மீட்டர் காட்டுதே மாமா."

மனிதனை நம்புவதைவிட முள்ளை நம்புவது சுலபம் போலிருக்கிறது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நட்டு ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே இருந்த ஒயர்க் கட்டை விரலால் அழுத்தினான். முள் மெல்ல எழுந்தது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசாக ஒடித்தான். முள் இறங்கியது.

"ஒடிச்சா ஒயர் இழுத்துக்குது. ராத்திரி பூரா ஒடிச்சே வச்சா அப்படியே விட்டுப் போயிடும். ராத்திரில இப்படி ஒடிச்சு ஹேண்டில் லாக் போடுவீங்களா சார்?"

"இங்க போடறதில்ல. கேட் இருக்கு."

"பின்ன எங்க போடுவீங்க?" என்று நட்டு வேலை மும்முரத்தில் கேட்டான். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

பெரியவருக்குக் காது சுட்டது. என் வாசலில் மட்டும் பூட்டு. பூட்டியதால் முள் விழுந்தது, முள் விழுந்ததால் என் பிள்ளை திருடன்.

"மீட்டர்தான் கோளாறு. விடுங்கண்ணா, உள்ள வந்து டீ குடிங்க" என்றாள் சம்பந்தியம்மாள்.

"மீட்டர் வாயத் தொறக்கலம்மா. பேசினது நீங்க."

கதவருகே நின்ற மகள் தலை குனியவில்லை. கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புதான் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"எங்கிட்ட எதுக்கு? பழி எம்மேலயா இருந்துச்சு?"

"ஒயரக் கட்டினதும் ஏறுங்க, போய்ச் சொல்லிடறேன்."

"நீங்க போங்க. நான் பஸ்ல வரேன். நான் பக்கத்துல நின்னா எனக்காகச் சொன்னதா ஆயிடும்."

பஸ் நிறுத்தத்தில் அவர் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டார். வீடு வந்தபோது மகன் வாசலிலேயே நின்றான்.

"அத்தான் வந்துட்டுப் போனார்ப்பா."

"எங்க வச்சு சொன்னார்?"

"வாசல்லதான். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தார். காதுல விழுந்திருக்கும்."

"விழணும்."

"அவர் முகமே செத்துப் போச்சுப்பா. பாவமா இருந்துச்சு. நானே டீ போட்டுக் குடுத்தேன்."

பெரியவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு மனசு பெருசு. அது உங்கம்மா வழியில வந்தது" என்றார். "அந்தச் சம்பந்தியம்மா இங்க வந்து சொல்ற வரைக்கும் எனக்கு அதெல்லாம் வராது."